சற்றே மோசமான வடிகால்

"என்ன உத்தியோகம்?" என்று கேட்பவர்களிடம் "மண் பார்க்கிற வேலை" என்று சொன்னால், "அதுக்குக்கூடவா கவர்மென்ட்டு சம்பளம் குடுக்குது?" என்று திருப்பிக் கேட்காத ஆள் அன்றைய கடலூரில் ஒருவர்கூட இல்லை. அறுபதுகளின் நடுப்பகுதி அது. நான் இருபத்துச் சொச்சம் வயதுப் பிரம்மச்சாரி. மண் கணக்கெடுப்பில் தற்காலிக உதவியாளன். ஆளுயரத்துக்குக் குழி வெட்டச் சொல்லி, அதற்குள் இறங்கி, மண் எத்தனை அடுக்காக இருக்கிறது, ஒவ்வோர் அடுக்கும் என்ன நிறம், எவ்வளவு களி, தண்ணீர் வடியுமா தேங்குமா என்று பார்த்து எழுத வேண்டும். ஈரமண்ணைக் கட்டைவிரலால் அழுத்திப் பட்டையாக நீட்டிப் பார்ப்போம். பட்டை அறுந்து விழாமல் எவ்வளவு நீள்கிறதோ அவ்வளவு களி. சந்தேகம் தீராவிட்டால் ஒரு சிட்டிகை எடுத்துப் பல்லுக்கிடையே வைத்து மணல் நறநறக்கிறதா என்றும் பார்ப்பதுண்டு. எனக்குப் பெண் தேடிக்கொண்டிருந்த வீட்டார் இந்தக் கடைசி விஷயத்தை மட்டும் யாரிடமும் வாய் திறக்கவில்லை.

அந்த வருஷம் வைகாசியில், சிதம்பரம் தாண்டி, குமராட்சிக்குப் பக்கத்தில் ஒரு சிற்றூரில் குழி வெட்டப் போனோம். நிலத்துக்காரர் கடப்பாரையைத் தூக்கவே விடவில்லை.

"சார், உள்ள நெலக்கரி கெடச்சா எங்கிட்ட சொல்லிட்டுத்தான் எடுப்பீங்களா? நெய்வேலி பக்கம் எங்க மச்சான் நெலம் பூரா பூடுச்சி."

"நெலக்கரியெல்லாம் இல்லீங்க. மண்ணு என்னா ரகம்னு பாக்கத்தான் வந்திருக்கோம்."

"இதுக்கா குழி? களிமண்ணு சார். காஞ்சா கடப்பார எறங்காது, நனஞ்சா காலு வெளிய வராது. எழுதிக்கிட்டுப் போங்க."

அதைத்தான் நான் பக்கம் பக்கமாக எழுத வேண்டியிருந்தது. அதை அவரிடம் சொல்லவில்லை. கடப்பாரை எறங்காது என்று அவர் சொன்னது வெறும் பேச்சில்லை என்பது மத்தியானத்துக்குள் தெரிந்துவிட்டது. வெட்ட வந்த ஆட்கள் என்னை வைத வசவுகளை இங்கே எழுத முடியாது.

குழிக்குள் இறங்கியதும் நான் மயங்கிப்போனேன். மண்ணில் மயங்க என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். இருந்தது. மேலே ஒரு முழத்துக்குக் கருஞ்சாம்பல் களி, விரல் நுழைகிற வெடிப்புகளோடு. அதற்குக் கீழே பழுப்புக் களி. அந்தப் பழுப்பில் துருப்பிடித்த ஆணியைத் தேய்த்துவிட்டதுபோலச் செம்மஞ்சள் புள்ளிகள், நடுநடுவே வேர் போன தடங்களில் மெல்லிய சாம்பல் கோடுகள். தண்ணீர் ஓயாமல் தேங்கிக் கிடக்கிற மண் முழுக்கச் சாம்பல் நிறமாகிவிடும். தண்ணீர் வந்து நின்று, அரைமனதாகவேனும் கிளம்பிப் போகிற மண்ணில்தான் பழுப்பும் துருப்புள்ளியும் சேர்ந்து இருக்கும். எங்கள் தொழிலில் வடிகாலுக்குப் படிகள் உண்டு: நல்லது, சுமார், சற்றே மோசம், மோசம் என்று இறங்கிக்கொண்டே போகும். இந்த மண் 'சற்றே மோசம்' என்று எனக்குச் சந்தேகமில்லாமல் தெரிந்தது. அந்தப் பக்கத்தில் அதுவரை யாரும் பதிவு செய்யாத புது ரகம்.

எங்கள் அதிகாரிக்கு அது பிடிக்கவில்லை. அவருக்கு எதுவும் பிடிக்காது. காலையில் குடிக்கிற காபி மோசம், சிதம்பரம் பஸ் மோசம், என் கையெழுத்து மோசம், அவருடைய மாப்பிள்ளை ரொம்ப மோசம். அப்படிப்பட்டவரிடம் போய் 'சற்றே' என்று சொன்னால் எடுபடுமா?

"களி. தண்ணி நிக்குது. மோசம். முடிஞ்சிது," என்றார். "கிள்ளை பக்கம் ஏற்கெனவே பாத்து வெச்சிருக்கோமே, அந்த ரகத்தோட இத்தயும் சேத்துடு. இதுக்குப் போயி புது ரகம், புதுப் பேருன்னு குதிக்கிற."

"அந்த மண்ணு பூரா சாம்பல் சார். இது பழுப்பு சார். புள்ளி இருக்குது சார்."

"புள்ளி இருந்தா மானா? போய்யா."

எனக்குக் கோபம் எப்போதும் மூக்கு நுனியில் இருக்கும். அவர் எழுதித் தள்ளிவிட்ட குறிப்புக்குக் கீழே, அவருக்குத் தெரிந்தே, 'இதில் எனக்கு உடன்பாடில்லை' என்று எழுதி மேலே அனுப்பினேன். பதில் வந்தது. டில்லியிலிருந்து பெரிய அதிகாரி ஒருவர் நேரில் வந்து பார்த்து முடிவு சொல்வார் என்று. எங்கள் அதிகாரி என்னைக் கூப்பிட்டு, சர்க்கரை ஜாஸ்தி போட்ட குரலில் சொன்னார்: "அவரு வந்து நீ சொன்னதுதான் சரின்னுட்டா, நீயே இருந்து மிச்ச தாலுகாவயும் பாரு. நான் சொன்னது சரின்னுட்டா, விருத்தாசலத்துல உரக் கெடங்குல மூட்ட எண்ணுற எடம் ஒண்ணு காலியா இருக்குது."

ஆக, என் பிழைப்பு 'சற்றே' என்கிற மூன்றெழுத்தில் தொங்கியது. மூட்டை எண்ணுவது கேவலமான வேலை இல்லை. ஆனால் எனக்குக் குழிக்குள் இறங்குவது பிடித்திருந்தது. வேறு எதையும் நான் அவ்வளவு ஆசையாகச் செய்ததில்லை.

ஆடி மாதம் வாய்க்காலில் தண்ணீர் வருவதற்கு முன்னால் மறுபடியும் அந்தக் குழிக்குப் போய், பழுப்பு அடுக்கிலிருந்து தேங்காயளவு கட்டிகளைப் பக்குவமாகப் பெயர்த்தெடுத்தேன். உடையாமல், பிசையாமல், மண் எப்படி இருந்ததோ அப்படியே. ஒரு மரப்பெட்டியில் அடுக்கி ஈரச் சாக்கால் மூடினேன். ஆபீசில் வைத்தால் கதவு ஆடாமல் இருக்க முட்டுக்கொடுத்துவிடுவார்கள் என்பதால், கடலூர்த் திருப்பாப்புலியூரில் நான் குடியிருந்த மாடி அறைக்கே கொண்டுபோய்விட்டேன். தினமும் சாக்குக்குத் தண்ணீர் தெளிப்பேன்.

கீழே வீட்டுக்காரர்கள். வீட்டுக்கார அம்மாள் நின்றால் நடந்தால் வேலை செய்துகொண்டே இருப்பவர். வீட்டுக்காரர் ரயில்வே பார்சல் ஆபீசிலிருந்து ஓய்வுபெற்றவர். ஓய்வு பெறுவதற்கு முன்பும் அப்படித்தான் இருந்தார் என்று அம்மாள் சொல்வார். என் அறைச் சாவி ஒன்று அம்மாளிடம் உண்டு, பெருக்குவதற்காக. பெட்டியைப் பார்த்துவிட்டு ஒருநாள், "இன்னா தம்பி, மண்ணுக்குப் போயி தண்ணி தெளிக்கிற? மொளைக்குமா?" என்று கேட்டார். நான் பெருமையாக, அது தரைக்கு அடியில் வெகு ஆழத்தில் எடுத்தது, பிறந்ததிலிருந்து வெயிலே பார்க்காத மண் என்று சொல்லிவைத்தேன். நுணலும் தன் வாயால் கெடும்.

டில்லி அதிகாரி வருகிற தேதி, பிள்ளையார் சதுர்த்திக்கு மறுநாள் என்று முடிவானது. சதுர்த்திக்கு முந்தின நாள் குழி எப்படி இருக்கிறது என்று பார்க்கப் போனேன். குழியைக் காணோம். வாய்க்கால் நிரம்பி வயலெல்லாம் தண்ணீர். குழி இருந்த இடத்தில் வாத்துகள் நீந்திக்கொண்டிருந்தன. நான் கவலைப்படவில்லை. பெட்டியில்தான் கட்டிகள் இருக்கின்றனவே. சிதம்பரத்தில் ஒரு நண்பன் வீட்டில் படுத்துவிட்டு, காலையில் பஸ் பிடித்துக் கடலூர் வந்து சேர்ந்தேன்.

வீட்டில் பூஜை முடிந்திருந்தது. கூடத்தில் மணைமேல் பிள்ளையார். எருக்கம்பூ மாலை, காகிதக் குடை, குன்றிமணிக் கண். அம்மாள் கையாலேயே பிடித்த பிள்ளையார். கன்னத்தில் போட்டுக்கொண்டு, கொடுத்த கொழுக்கட்டையை வாயில் போட்டேன். அப்போதும் என் தொழில் புத்தி சும்மா இருக்கவில்லை.

"என்னா அருமையான களிம்மா! வழவழன்னு எப்டி நிக்குது பாருங்க. எங்க எடுத்தீங்க?"

"ஒன்னோடதுதான் தம்பி," என்றார் அம்மாள் மகிழ்ச்சியாக. "வருசா வருசம் கொளத்து மண்ணுதான் எடுப்போம். இந்த வருசம் எரும பூந்து கொளத்தயே கலக்கி வெச்சிருக்குது. எங்க வூட்டு வழக்கம், காலு படாத மண்ணுலதான் சாமி புடிக்கணும். நீதான சொன்ன, பொறந்ததுலருந்து வெய்யிலே பாக்காத மண்ணுன்னு? புள்ளையாரே ஒங்கிட்ட குடுத்து அனுப்பினாப்ல இருந்துச்சி. ஒரு கல்லு இல்ல, ஒரு குப்ப இல்ல. நல்லா கும்மி கும்மிப் பெசஞ்சேன்."

வாயில் பாதிக் கொழுக்கட்டையோடு மாடிக்கு ஓடினேன். பெட்டியில் ஈரச் சாக்கு மட்டும் ஒழுங்காக மடித்து வைக்கப்பட்டிருந்தது.

கத்தத்தான் வாய் வந்தது. ஆனால் யாரைப் பார்த்துக் கத்துவது? எனக்காகவும் சேர்த்து அர்ச்சனை பண்ணியிருந்த பெண்மணியையா, இல்லை குன்றிமணிக் கண்ணால் என்னையே பார்த்துக்கொண்டிருந்த சாமியையா? "அது ஆபீஸ் மண்ணும்மா" என்று மட்டும் சொன்னேன். "ஆபீசுக்கும் அவருதான தொண?" என்றார் அம்மாள். பிசைந்த மண்ணில் பழுப்பும் துருவும் சாம்பலும் ஒன்றாகக் கலந்து, எந்த ரகம் என்று சொல்ல முடியாத ஒரே மங்கல் நிறமாகியிருந்தது. பிள்ளையார் பிடிக்கக் குரங்காகும் என்பார்கள். இங்கே பிள்ளையார் பிள்ளையாராகவே வந்து என்னைக் குரங்காக்கிவிட்டார். அன்று பகலெல்லாம் மூட்டைகளை எண்ணிப் பழகுவதுபோல் உத்தரத்தை எண்ணிக்கொண்டு படுத்துக் கிடந்தேன்.

மறுநாள் காலை டில்லிக்காரர் வந்து இறங்கினார். டில்லியில் வேலையே தவிர, ஆள் கோயமுத்தூர்ப் பக்கம். ஒல்லியாக, மெதுவாகப் பேசுகிறவர்.

"குழிக்குப் போலாமுங்களா?"

"குழி தண்ணிக்குள்ள இருக்குது சார்," என்றேன்.

"அப்போ எடுத்து வெச்ச கட்டியாவது பாக்கலாமுங்க."

எங்கள் அதிகாரி என்னைப் பார்த்தார். பொய் சொல்ல ஒன்றும் தோன்றவில்லை. "பூஜையில இருக்குது சார்," என்றேன். நடந்ததை முழுக்கச் சொன்னேன். எங்கள் அதிகாரியின் முகத்தில் நான் அதுவரை பார்த்திராத மலர்ச்சி. "மோசம், மோசம்" என்று ஆனந்தமாகத் தலையாட்டினார். டில்லிக்காரர் மட்டும் சிரிக்கவில்லை. "பிள்ளையாரா இருந்தா என்னங்க, மண்ணு மண்ணுதானே? போய்ப் பாத்துட்டு வந்திரலாம்," என்று ஜீப்பில் ஏறினார்.

வாசலிலேயே அம்மாள் மூவரையும் நிறுத்திக் காலைக் கழுவ வைத்தார். பிறகு ஆளுக்கொரு தட்டில் கொழுக்கட்டை வந்தது. எங்கள் அதிகாரி "வெல்லம் ஜாஸ்தி, மோசம்" என்று சொல்லிக்கொண்டே தட்டைக் காலி செய்துவிட்டு மறுபடி நீட்டினார். டில்லிக்காரர் பிள்ளையார் முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்து, மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்க்க ஆரம்பித்தார். ராத்திரி காய்ந்ததில் தொப்பையில் குறுக்கே நீளமாக ஒரு வெடிப்பு விழுந்திருந்தது. அம்மாள் அதைப் பார்த்ததிலிருந்து கலங்கிப்போயிருந்தார்.

"சார், தொப்ப வெடிச்சிருச்சே, எதுனா தோசமா?"

"தோசமெல்லாம் இல்லீங்கம்மா. களி ஜாஸ்தியான மண்ணு காஞ்சா இப்படித்தான் சுருங்கி வெடிக்கும். நல்ல வெடிப்புங்க. அழகா இருக்குது."

அம்மாளுக்கு உயிர் வந்தது. எனக்கும் கொஞ்சம் வந்தது. ஆனால் அடுத்த நிமிஷமே அவர் கண்ணாடியைக் கழற்றினார். "களிங்கறது சரி. வடிகாலைப் பத்தி இதுல ஒண்ணும் சொல்ல முடியாதுங்க தம்பி. நல்லாப் பெசஞ்சுட்டாங்களே. புள்ளி இருந்துதா இல்லையான்னு கடவுளுக்குத்தான் தெரியும்."

கடவுள் எதிரிலேயே உட்கார்ந்திருந்தார். வாயைத் திறக்கவில்லை. எங்கள் அதிகாரி எழுந்து வேட்டியை உதறினார். என் கண்ணில் நீர் முட்டிவிட்டது. அதை மறைக்கச் சுவரில் இருந்த காலண்டரைப் படிப்பதுபோல் திரும்பிக்கொண்டேன்.

அப்போதுதான் மூலையில் சாய்வுநாற்காலியிலிருந்து வீட்டுக்காரர் குரல் வந்தது. மனத்தாங்கலான குரல்.

"எல்லாரும் புள்ளையாரத்தான் பாக்கறாங்க. எலிய ஒருத்தரும் பாக்கறதில்ல."

அந்த வீட்டில் பிள்ளையார் பிடிப்பது அம்மாள். மூஞ்சூறு பிடிப்பது வீட்டுக்காரர். கல்யாணமான நாளிலிருந்து அவருக்குக் கொடுக்கப்பட்டிருந்த ஒரே பொறுப்பு அதுதான். ஒவ்வொரு வருஷமும் அதைப் பார்த்துவிட்டு அம்மாள் "மோசம்" என்பாராம். இந்த வருஷத்து மூஞ்சூறு பீடத்துக்குக் கீழே, பூக்குவியலுக்குள் பாதி மறைந்து கிடந்தது. டில்லிக்காரர் மரியாதைக்காகக் குனிந்தார். குனிந்தவர் நிமிரவில்லை.

"தம்பி, இங்க வாங்க."

போய்ப் பார்த்தேன். அது எலியே இல்லை. என் கட்டி. உருண்டையாகக்கூட உருட்டப்படாத, பெட்டியிலிருந்து எடுத்த அதே கட்டி. முன்னால் இரண்டு குன்றிமணி, பின்னால் ஒரு சணல் வால். அவ்வளவுதான். அதன் முதுகில் பழுப்பும், பழுப்பின்மேல் செம்மஞ்சள் புள்ளியும், விலாவில் ஒரு சாம்பல் கோடும் பளிச்சென்று தெரிந்தன.

"இது பெசயவே இல்லீங்களே?" என்றார் டில்லிக்காரர்.

வீட்டுக்காரர் விழித்தார். "அது... வந்து... மண்ணு ஏற்கெனவே எலி மாரியேதான் சார் இருந்துச்சி."

"பெசயலயா?" அம்மாளின் குரல் தெருவுக்குக் கேட்டிருக்கும். "கை வலிக்குது, பெசஞ்சி பெசஞ்சி தோளு போச்சின்னு சொல்லி எங்கிட்ட தைலம் தேச்சிக்கினியே!"

வீட்டுக்காரர் சாய்வுநாற்காலியில் இன்னும் ஆழமாகச் சாய்ந்துகொண்டார்.

டில்லிக்காரர் மூஞ்சூறைக் கையில் எடுத்து, இரண்டாக உடைத்து உள்ளே பார்க்க வேண்டும் என்றார். அமிலம் ஒரு சொட்டு விட்டு, சுண்ணாம்பு இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். அம்மாள் குறுக்கே வந்து நின்றுவிட்டார். நாளைக்குக் கெடிலம் ஆற்றில் கரைக்கிற வரைக்கும் எதையும் தொடக்கூடாது, உடைப்பதாவது!

தைலத்துக்குப் பிராயச்சித்தமாகவோ என்னவோ, வீட்டுக்காரர்தான் எனக்காகப் பேசினார். "எலி இன்னா சாமியா? வாகனம்தான. ரிப்பேருக்கு உட்டதா நெனச்சிக்க."

"அப்பறம் அவரு கெடிலத்துக்கு எதுல போவாரு?"

"நம்ம ஜீப்புல போகட்டுமுங்கம்மா," என்றார் டில்லிக்காரர்.

அம்மாள் யோசித்தார். தெருவில் வேறு எந்த வீட்டுப் பிள்ளையாரும் ஜீப்பில் போனதில்லை. "பெட்ரோலு ஊத்தி அனுப்பணும். பாதியில நிக்கக்கூடாது," என்று நிபந்தனை போட்டு வழிவிட்டார்.

மூஞ்சூறு உடைந்தது. உள்ளே முழுக்கப் பழுப்பு. சோற்றில் மஞ்சள் தூவினதுபோல் புள்ளிகள். அமிலம் விட்டதும் லேசாக நுரைத்தது. அம்மாள் கன்னத்தில் போட்டுக்கொண்டார். டில்லிக்காரர் நிறச் சீட்டுப் புத்தகத்தைத் திறந்து பக்கத்தில் வைத்து நெடுநேரம் ஒப்பிட்டுப் பார்த்தார். கடைசியில் எங்கள் அதிகாரி பக்கம் திரும்பினார்.

"மோசம்னு சொல்ல முடியாதுங்க. சற்றே மோசம். தம்பி சொன்னதுதான் சரி. இது புது ரகமுங்க. அந்த ஊர் பேரையே வெச்சிரலாம்."

நான் அவர் காலில் விழுந்திருப்பேன். இடையில் வீட்டுக்காரர் எழுந்து வந்துவிட்டார். மண்ணைப் பற்றிய பேச்சு அவர் காதில் ஏறவே இல்லை. மனைவியைப் பார்த்து, தலைநிமிர்ந்து சொன்னார்: "கேட்டியா? டில்லியிலருந்து வந்தவரு சொல்றாரு. சற்றேதானாம்."

மூன்றாம் நாள், சொன்னபடி ஜீப் வந்தது. டில்லிக்காரர் உள்ளங்கையளவு துண்டைக் காகிதத்தில் சுற்றி எடுத்துக்கொண்டு முந்தின நாள் மாலையே ரயிலேறிவிட்டார். மிச்சத்தை நான் ஒரு டப்பாவில் போட்டு மடியிலேயே வைத்திருந்தேன். என் முதல் மண். என் பிழைப்பைக் காப்பாற்றிய மண். ஆயுசுக்கும் மேஜைமேல் வைத்துக்கொள்ள எண்ணியிருந்தேன்.

கெடிலத்தின் கரையில் இறங்கியதும் அம்மாள் நின்றுவிட்டார். "வந்தது ஜீப்புல, சரி. இனிமே தண்ணிக்குள்ள ஜீப்பு போவாதே. எலி இல்லாம எப்டி அனுப்பறது?"

வீட்டுக்காரர் ஆற்று மணலை அள்ளி எலி பிடிக்கப் பார்த்தார். மணல் பொலபொலவென்று உதிர்ந்தது. மறுபடி பிடித்தார். மறுபடி உதிர்ந்தது. இந்த ஒரு தடவை அவர் உண்மையாகவே உழைத்தார், பாவம். மணலில் களி இல்லாவிட்டால் எந்தச் சாமிக்கும் வாகனம் நிற்காது. அம்மாள் என் மடியிலிருந்த டப்பாவையே பார்த்தார்.

எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது. மிச்சமிருந்த துண்டுகளை எடுத்து, ஆற்றுத் தண்ணீர் விட்டு, கையாலேயே பிசைந்தேன். பழுப்பும் துருப்புள்ளியும் சாம்பல் கோடும் என் விரலுக்கடியில் கலந்து மறைந்தன. மூக்கு வைத்தேன், காது வைத்தேன், பழைய குன்றிமணியையே கண்ணாகப் பதித்தேன். முடித்துவிட்டு, பிள்ளையார் பக்கத்தில் வைப்பதற்கு முன்னால் வீட்டுக்காரரிடம் நீட்டினேன்.

அவர் வாங்கி, டில்லிக்காரர் மாதிரியே மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, முன்னும் பின்னும் திருப்பி, நிதானமாகப் பார்த்தார். அவர் முகத்தில் மெல்ல ஒரு சந்தோஷம் பரவியது.

"மோசம்," என்றார். "தப்பா நெனச்சிக்காத தம்பி, இதுல சற்றேவெல்லாம் கெடையாது."